பச்சைப் பென்சிலில் திருத்திய எச்சரிக்கை

மார்ச் 4

அக்கா,

போனில் சொன்னால் உன் காதில் பாதி விழாது, மீதியை நீயே இட்டு நிரப்பிக்கொள்வாய். அதனால் வழக்கம்போல் தாளில்.

இத்துடன் ஓர் ஆங்கில அறிக்கை இருக்கிறது. ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதியிருக்கிறேன், உன் பச்சைப் பென்சிலுக்கு இடம் வேண்டுமே. திருத்தி, இதே உறையை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி ஒட்டி, சீக்கிரம் அனுப்பு. மேல் அலுவலகம் அவசரப்படுத்துகிறது.

விஷயம் இதுதான். எங்கள் சலவை நிலையத்தில் போன மாதம் இருபதாம் தேதி ஒரு விபத்து. ஈர விரிப்புகளைத் தேய்த்து உலர்த்துகிற பெரிய உருளை இயந்திரத்தை நீ ஒரு தடவை வந்தபோது காட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் விரிப்பை ஊட்டினால் மறுபக்கம் சூடாக, அப்பளம் மாதிரி விறைப்பாக வெளியே வரும். அதில் விரிப்பு ஊட்டுகிற பெண்ணின் வலது கை உள்ளே போய்விட்டது. மணிக்கட்டு வரை எடுத்துவிட்டார்கள். மூக்கக்கா என்று நான் சொல்வேனே, மூட்டையை அவிழ்க்கும் முன்பே மோந்து பார்த்து, "இது பிரசவ வார்டு, இது காய்ச்சல் வார்டு" என்று சொல்லிவிடுகிறவள், அவள்தான்.

அவள் கவனக்குறைவாக, பக்கத்தில் இருந்தவளோடு பேசிக்கொண்டே வேலை பார்த்தாள் என்று அறிக்கையில் இருக்கிறது. எழுத வேண்டிய குறிப்புகளை மேனேஜர் கொடுத்தார், கையெழுத்துப் போட வேண்டியவன் சூப்பர்வைசராகிய நான். கடைசி வாக்கியத்தை மட்டும் அவரே எழுதிக் கொடுத்தார். 'இந்த வேலையின் தன்மையைக் கருதும்போது சில விபத்துகள் இன்எவிட்டபிள்' என்று முடிகிறது. அந்த வார்த்தையை அங்கே போடலாமா, இல்லை வேறு வார்த்தை பொருந்துமா என்று மட்டும் பார்த்துச் சொல்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி விசாரணை. வீட்டில் இவள் உன்னை விசாரித்தாள்.

தம்பி


மார்ச் 9

தம்பி,

உன் அறிக்கை திரும்பி வந்திருக்கிறது. நீ எதிர்பார்த்த பச்சை அதில் இல்லை. ஒரே ஒரு வட்டம் மட்டும் போட்டிருக்கிறேன், அந்த வார்த்தையைச் சுற்றி. மற்ற பிழைகளைத் திருத்த மனம் வரவில்லை. படித்து முடித்ததும் எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன் என்றால் நம்புவாயா?

நீ கேட்டதற்கு முதலில் பதில். முப்பத்தொரு வருடம் பாடம் நடத்திய பழக்கம், உதாரணம் இல்லாமல் என்னால் சொல்ல முடியாது. பொறுத்துக்கொள்.

நாளைக்குப் பொழுது விடியும். எனக்கும் உனக்கும் முடி நரைத்தது. பிறந்தவர் எல்லாரும் ஒரு நாள் போவோம். இவையெல்லாம் இன்எவிட்டபிள். யார் என்ன செய்திருந்தாலும் நடந்தே தீரும் என்பதற்குத்தான் அந்த வார்த்தை. இப்போது அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஒருத்தி வாசலில் நின்று அரட்டை அடிக்கிறாள். பால் பொங்கி வழிகிறது. சூடேறினால் பால் பொங்கும், அது இயற்கை. ஆனால் அன்றைக்கு அந்த அடுப்பில் அந்தப் பால் வழிந்தது இயற்கை இல்லை. மழையை நிறுத்த முடியாது. குடையை மறைத்து வைத்துவிட்டு, நீ நனைந்தது தவிர்க்க முடியாதது என்று நான் சொன்னால் என்னை என்ன செய்வாய்?

இன்னும் ஓர் உதாரணம். கண்ணாடி டம்ளர் மேசையின் விளிம்பைத் தாண்டிய பிறகு விழுவதை யாராலும் தடுக்க முடியாது. அந்த அரை நொடிக்கு மட்டும் உன் மேனேஜருடைய வார்த்தை பொருந்தும். டம்ளரை விளிம்பில் கொண்டுபோய் வைத்தது யார் என்று கேட்டால் வார்த்தை ஓடிவிடும். ஒன்று நடப்பதற்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னால் அது எச்சரிக்கை. நடந்து முடிந்த பிறகு சொன்னால் பெரும்பாலும் சப்பைக்கட்டு.

அந்தக் கடைசி வாக்கியம் உன்னுடையது இல்லை என்று நீ சொல்லாமலே தெரிந்துகொண்டிருப்பேன். எத்தனை வழுவழுப்பு! ஒரு பெண்ணின் கை போயிருக்கிறது, அந்த வாக்கியத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. உங்கள் உருளையில் போட்டுத் தேய்த்து எடுத்த மாதிரி இருக்கிறது. இப்படி எழுதக் கற்றுக்கொண்ட ஆள் யாராக இருந்தாலும், அவன் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எனக்கு இறங்காது.

இப்போது நான் கேட்கிறேன். அந்த இயந்திரத்தை நீ எனக்குக் காட்டியபோது முன்னால் ஒரு கம்பி இருந்ததே? விரல் பட்டால் போதும், உருளை நின்றுவிடும் என்று நீயே தொட்டுக் காட்டினாய், நான் பயந்து பின்னால் நகர்ந்தேன், நீ சிரித்தாய். அந்தக் கம்பி அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தது? அறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 14

அக்கா,

அர்த்தம்தான் கேட்டேன், பாடம் கேட்கவில்லை. வகுப்பறையில் வார்த்தைக்கு அர்த்தம் சொல்வது சுலபம். ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு விரிப்பு வெளியே போக வேண்டிய இடத்தில் வந்து நின்று பார்த்தால் தெரியும். வெந்து கிடக்கிற ஈரத்துணி நாற்றம், சலவைச் சோடா நாற்றம், அதற்கு அடியில் யார் யாரோ உடம்பு நாற்றம். இருபத்திரண்டு வருடமாக எனக்கு உறைக்கவில்லை. இருபதாம் தேதியிலிருந்து சூடான விரிப்பைத் தொட்டால் அந்த நாற்றம் வீடு வரை கூடவே வருகிறது. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. இவள், "டாக்டரப் போய்ப் பாருங்க" என்கிறாள். டாக்டர் என்ன செய்வார்?

கம்பியைக் கேட்டாய். சொல்கிறேன். அது கட்டியிருந்தது.

அதன் ஸ்பிரிங் தளர்ந்துபோய்ச் சில நேரம் கை பட்டாலும் உருளை நிற்காது, மற்ற நேரம் கம்பி தானாகக் கீழே இறங்கும். விரிப்பின் தடித்த ஓரம் அதில் இடிக்கும், உருளை நிற்கும். நின்ற இடத்தில் விரிப்பு கருகிப் பழுப்பாகும். ஒரு மணி நேரத்தில் பத்து தடவை இப்படி. அதனால் கம்பியைத் தூக்கி மேலே கட்டியிருந்தது. இந்தத் தொழிலில் இதெல்லாம் எல்லா இடத்திலும் நடக்கிறதுதான்.

மேனேஜரிடம் உன் வட்டத்தைக் காட்டினேன். அவர் சிரித்தார். "உங்க அக்கா ரிட்டயர் ஆனவங்க, அவங்களுக்குப் பொழுது போகணும். நீங்க ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு, பார்த்துக்குங்க" என்றார். பிறகு, "அந்த விரிப்பு என்ன ஆச்சு?" என்று நான் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. "எந்த விரிப்பு? ஓ, அதுவா. மூணு தடவ துவைச்சாச்சே, கறை சுத்தமா போயிருச்சு. அன்னைக்கே அனுப்பியாச்சு" என்றார். நன்றாக மடித்து அனுப்பியிருக்கிறார்கள் அக்கா. இன்றைக்கு ஏதோ ஓர் அறையில் யாரோ அதன் மேல் படுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கக்கா கட்டிலில் உட்கார்ந்து, போர்த்தியிருந்த விரிப்பை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "சார், இது நம்ம சலவை இல்ல. நீல டப்பா சோப்பு. காசு மிச்சம் பிடிக்கிற கம்பெனி" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. பிறகு, "கை போனது போச்சு சார். நான் பேசிக்கிட்டே வேல பார்த்தேன்னு எழுதிட்டாங்களாமே, நிசமா? அந்தச் சத்தத்துல நான் கத்தினதே யாருக்கும் கேக்கல. பேசினா மட்டும் கேட்டிருக்குமா?" என்றாள்.

நாலு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். உரிக்க இரண்டு கை வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. உரித்து வைத்துவிட்டு வந்தேன்.

அறிக்கை கவனக்குறைவு என்று முடிந்தால் அவளுக்கு வேலையும் போகும், நஷ்டஈடும் கிடைக்காது. எனக்குத் தெரியாதா? நான் என்ன செய்யட்டும் சொல். வார்த்தையைத் திருத்திக் கொடு என்றால் வட்டம் போடுகிறாய்.

தம்பி


மார்ச் 19

தம்பி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விரிப்பு விஷயம் வந்த இடத்தில் இரண்டு தடவையும் நிறுத்த வேண்டியிருந்தது. நேற்று என் படுக்கை விரிப்பை எடுத்துப் போட்டுவிட்டுப் பாயில் படுத்தேன். அர்த்தமில்லாத செயல்தான்.

'கம்பி கட்டியிருந்தது' என்று எழுதுகிறாய். மழை பெய்திருந்தது என்பது போல. யார் கட்டியது என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் ஒரு பெயர் சொல்வாய், அது எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆனால் விசாரணை அதிகாரி கேட்பார்.

'எல்லா இடத்திலும் நடக்கிறதுதான்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்தபோது எனக்கு என் பழைய பள்ளி ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வருடமும் தேர்வு முடிவு வந்ததும் தலைமையாசிரியர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "ஒரு பத்துப் பேர் தோற்கத்தான் செய்வாங்க, அது இன்எவிட்டபிள்" என்பார். தேநீர் வரும், பிஸ்கட் வரும். அந்தப் பத்துப் பேரும் எப்போதும் கடைசி வரிசைப் பிள்ளைகள். கரும்பலகையின் மேல் இருந்த விளக்கு எரியாது, அவர்களுக்கு எழுத்துக் கண்ணில் படாது. நான்கு வருடம் அந்த விளக்கு எரியவில்லை. நானும் பிஸ்கட் தின்றேன். இப்போது நினைத்தால் அந்த பிஸ்கட்டின் ருசி நாக்கில் வந்து உட்காருகிறது, துப்பலாம் போல.

நம்மைக் கெடுப்பது அந்த வார்த்தை இல்லை, அதைச் சொன்னதும் வருகிற நிம்மதி. தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு சுகம். நல்ல மனிதர்களுக்கும் அது பிடித்துப்போகும். அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சரி, உருப்படியாக ஒன்று சொல்கிறேன். உன்னை எனக்குத் தெரியும். மனைவியிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்கக்கூட ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதி என்னிடம் அனுப்பியவன் நீ. "நான் சரின்னு சொன்னது உங்க அக்காவோட இங்கிலீஷுக்கு" என்று அவள் இன்னும் சொல்கிறாள். ஸ்பிரிங் தளர்ந்ததும் நீ சும்மா இருந்திருக்க மாட்டாய். மேல் அலுவலகத்துக்கு எழுதியிருப்பாய். நானே திருத்திக் கொடுத்திருப்பேன், எத்தனையோ திருத்தியிருக்கிறேன், எல்லாம் ஞாபகம் இல்லை. திரும்பி வந்த வரைவுகளை நீ தூக்கிப் போடுகிறவன் இல்லை. தேடு. அது கிடைத்தால் முன்கூட்டியே சொன்னதற்குச் சாட்சி அது. அவர்களுடைய வழுவழுப்பான வாக்கியத்தை அதே மேசையில் வைத்துக் கிழித்துவிடலாம்.

ஆரஞ்சை உரித்து வைத்துவிட்டு வந்தாயே, அதற்காக உன் மேல் பாதிக் கோபம் குறைந்தது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 25

அக்கா,

தேட வேண்டியிருக்கவில்லை. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எடுத்துப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியுமே.

போன ஜூலையில் எழுதியது. நகல் இத்துடன் இருக்கிறது. கறுப்பு என்னுடையது, பச்சை உன்னுடையது. உனக்கு ஞாபகம் வர வேண்டும் என்பதற்காக இரண்டையும் தமிழில் சொல்கிறேன்.

நான் எழுதியது: 'கம்பி சரியாக வேலை செய்யவில்லை. சரிசெய்யாவிட்டால் ஒருவர் கை போகும். இந்த மாதமே போகலாம். உடனே ஆள் அனுப்புங்கள்.' ஆங்கிலத்தில் அது எப்படி இருந்தது என்று பார், நீயே சிரிப்பாய். நாலு வாக்கியத்தில் ஆறு பிழை.

நீ திருத்தியது: 'இயந்திரத்தின் வயதைக் கருதும்போது சில விபத்துகள் இன்எவிட்டபிள். தங்களுக்கு வசதிப்படும் நேரத்தில் இதைக் கவனிக்கும்படிப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' ஓரத்தில் குட்டியாக ஒரு குறிப்பு: 'கை போகும், கால் போகும் என்று மிரட்டாதே. மேலதிகாரிக்கு எழுதும்போது நாகரிகம் வேண்டும்.'

நான் அதை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினேன். அவர்களுக்கு வசதிப்படும் நேரம் வரவே இல்லை. இப்போது அந்தக் கடிதம் மேனேஜரின் கோப்பில் முதல் தாளாக இருக்கிறது. நேற்று எடுத்துக் காட்டினார். "இயந்திரத்தின் வயதுன்னு நீங்க எழுதினத வேலையின் தன்மைன்னு மாத்தினேன், மத்ததெல்லாம் உங்க வாக்கியம்தான். நீங்களே விபத்து இன்எவிட்டபிள்னு ஒத்துக்கிட்டுதானே வேலை நடத்தினீங்க? இப்ப நான் எழுதினா மட்டும் தப்பா?" என்றார். உன் கடிதத்தில் ஓர் ஆளைத் திட்டியிருந்தாயே, அவன் வீட்டில் தண்ணீர்கூட இறங்காது என்று. அந்த ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

உன்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போக நினைக்கவில்லை. நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். கம்பியைக் கட்டியது நான். பதில் வருமென்று மூன்று மாதம் பார்த்தேன். விரிப்பு கருகக் கருக, "உங்களால முடியலன்னா சொல்லுங்க, வேற ஆள் பார்த்துக்கறோம்" என்று தினமும் போன். ஒரு நாள் கிழிந்த விரிப்பின் ஓரத்தைக் கத்தரித்து, முறுக்கி, நானே மேலே கட்டினேன். நல்ல முடிச்சு, அவிழவே இல்லை. விபத்துக்குப் பிறகு மெக்கானிக் அதை அறுத்துத்தான் எடுத்தான்.

கட்டும்போது என்ன நினைத்தேன் தெரியுமா? எழுதியாச்சு, நம் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

உடனே பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன். மூன்றிலும் எனக்காக நானே வாதாடியிருந்தேன்.

அந்த மதியம் ஞாபகம் வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உன் வரைவைப் பிரித்தேன். 'கை போகும்' என்ற இடத்தில் முகம் சுளித்தேன். என்ன முரட்டுத்தனம், ஐம்பது வயது தாண்டியும் இவனுக்கு எழுத வரவில்லையே என்று நினைத்தேன். ஒரு கை போவதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. வாக்கியத்தைப் பற்றித்தான் நினைத்தேன். ஆறு பிழையையும் நீக்கிவிட்டு, கூடவே கையையும் நீக்கிவிட்டேன். முடித்ததும் எனக்கே பிடித்திருந்தது, ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அதை நினைக்கும்போது வருகிற குமட்டலை எந்த மொழியிலும் நாகரிகமாகச் சொல்ல முடியாது.

நடப்பதற்கு முன்னால் சொன்னால் எச்சரிக்கை, பின்னால் சொன்னால் சப்பைக்கட்டு என்று உனக்குப் பாடம் நடத்தினேன். நீ முன்னால்தான் சொன்னாய். அதை நான், எல்லாம் நடந்து முடிந்த பிறகு சொல்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். மேனேஜர் அதைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவரைவிட நான் ஒரு படி கீழே. அவருக்குத் தான் செய்வது என்ன என்று தெரியும்.

இப்போது செய்ய வேண்டியது. நகல் போதாது. பன்னிரண்டாம் தேதி மூல வரைவையே எடுத்துப் போ. கறுப்புக்கு மேல் பச்சை இருப்பதை அதிகாரி தன் கண்ணால் பார்க்கட்டும். இத்துடன் நான் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள் இருக்கிறது. பச்சை எழுத்து என்னுடையது, அந்த வார்த்தையை நான் போட்டேன், என் தம்பி எழுதிய எச்சரிக்கையை நான் அழித்தேன் என்று மூன்று வரி. ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை என்றும் போட்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும். தேவைப்பட்டால் நேரில் வருகிறேன், அதிகாரி கொஞ்சம் சத்தமாகப் பேசினால் போதும்.

அதோடு முடியாது. கம்பியைக் கட்டியது நீ என்பதையும் நீ சொல்ல வேண்டும். வரைவை மட்டும் காட்டிவிட்டு முடிச்சை மறைத்தால், அவர்கள் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம். மூக்கக்கா பேசிக்கொண்டிருந்தாள் என்ற பொய் நிற்பதே, கம்பியைக் கட்டியது யார் என்று யாரும் வாய் திறக்காததால்தான்.

சொன்னால் உன் வேலை போகலாம். அது இன்எவிட்டபிளா என்று என்னிடம் கேட்காதே. இல்லை. சுலபமாகத் தவிர்க்கலாம். வாயை மூடிக்கொண்டு அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் போதும். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். தவிர்க்க முடியாததை யாரிடமும் கேட்க வேண்டியதில்லையே.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

போனேன். சொன்னேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதத்தின் கடைசிக்கு ஓடிவிடுவாய்.

சின்ன அறை. மின்விசிறி சத்தம். அதிகாரி வயதானவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் படிப்பார். மூக்கக்காவை அவள் கணவர் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். புடவைத் தலைப்பை வலது கையின் மேல் போட்டு மூடியிருந்தாள். மேனேஜர் அவளிடம், "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டு, பழக்கத்தில் கையை நீட்டிவிட்டார். அவள் இடது கையைக் கொடுத்தாள். அவர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் பார்த்தோம்.

வரைவை மேசையில் வைத்தேன். அதிகாரி ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டு கலர்ல இருக்கே, இதுல எது நீங்க எழுதினது?" என்றார்.

"கறுப்பு என்னுது சார். பச்சை எங்க அக்காவோடது."

"கறுப்ப மட்டும் படிங்க."

படித்தேன். என் ஆங்கிலத்தில், ஆறு பிழையோடு. மேனேஜர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. "எனக்கு நல்லாவே புரியுது. உங்களுக்கு இதுல எது புரியல?" என்று அவரைக் கேட்டார். பிறகு உன் தாளை வாங்கிப் படித்தார். "உங்க அக்கா கறாரானவங்க போல" என்றார். ஆமாம் என்றேன்.

மூக்கக்கா எழுந்து, "எனக்கும் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க சார்" என்றாள். சொன்னேன். 'ஒருவர் கை போகும்' என்று சொன்னதும் அதிகாரி தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். குடிக்காமலே மீதியையும் சொல்லிவிட்டேன். கம்பியைக் கட்டியது நான்தான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "தெரியும் சார். நீங்க கட்டினப்ப கத்தரிக்கோல் எடுத்துக் குடுத்ததே நான்தானே. விரிப்பு கருகினா எங்களத்தான திட்டுவாங்க. நீங்களா சொல்றீங்களான்னுதான் இத்தன நாளா பார்த்துக்கிட்டிருந்தேன்."

அந்தக் கத்தரிக்கோலை வலது கையால் கொடுத்திருப்பாள். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கவனக்குறைவு என்பதை அதிகாரி அடித்துவிட்டார். அவளுக்கு வேறு பிரிவில் வேலை கொடுக்கவும், நஷ்டஈட்டுக்கும் பரிந்துரை எழுதியிருக்கிறார். என்னை இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இவள் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் தோசை வார்த்துப் போட்டாள். சாப்பாடு இறங்குகிறது.

அருவருப்பு மட்டும் போகவில்லை. விசாரணை முடிந்த மறுநாள் என் சாமான்களை எடுக்கப் போனேன். மெக்கானிக் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஒரு ஸ்பிரிங், இரண்டு திருகு. நான் மேசையைக் காலி செய்து, எல்லாரிடமும் சொல்லிவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டான். நாற்பது நிமிடம், நடுவில் டீ வேறு குடித்தான். ஒன்பது மாதம், அக்கா. ஒரு ஸ்பிரிங்.

கடைசியாக ஒன்று. மேல் அலுவலகத்திலிருந்து மூக்கக்காவுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. 'தவிர்க்க இயலாத அந்த நிகழ்வுக்காக' வருந்துகிறார்களாம். இன்னும் அந்த வார்த்தையை விடவில்லை. அவள் பதில் எழுத வேண்டும் என்று என்னிடம் வந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். 'கம்பி சரியாக இருந்திருந்தால் என் கை இருந்திருக்கும். உங்களுக்கு முன்னாலேயே தெரியும்' என்று ஆரம்பிக்கிறது, மொத்தம் ஏழு வரி. கீழே இடது கையால் அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. இத்துடன் இருக்கிறது. ஒரு வரி விட்டு ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன். நீ பார்க்காமல் நான் எதையும் அனுப்பியதில்லை. பார்த்து அனுப்பு.

தம்பி


ஏப்ரல் 22

தம்பி,

உறையைப் பிரித்ததும் பழக்கத்தில் கை பென்சிலைத் தேடிப் போனது. எடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். எடுத்தேன். ஏழு வரியில் ஐந்து பிழை. இரண்டாம் வரியில் ஒரு சொல்லை மாற்றினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட மனம் போனது. பிறகுதான் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து, தாளைக் குத்திக்கொண்டு நிற்கிறது. அந்தத் தாளில் என் பென்சில் படக் கூடாது.

அதைத் திருப்பி உனக்கு அனுப்பவில்லை. உன் உறையையும் திருப்பி ஒட்டவில்லை. கடைக்குப் போய்ப் புது உறை வாங்கி, மேல் அலுவலகத்தின் முகவரியை நானே எழுதி, அந்த ஏழு வரியையும் ஐந்து பிழையோடு உள்ளே வைத்து, நேற்றுக் காலை பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். ரசீது இத்துடன் இருக்கிறது. மூக்கக்காவிடம் கொடு.

தபால் அலுவலகப் பெண், "உள்ள என்னம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை, இரண்டாம் தடவை கேட்டாள்.

"ஒரு கை போனதப் பத்தி" என்றேன்.

முகம் சுளித்தாள். சுளிக்கட்டும் என்று நின்றேன்.

அக்கா